டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: சட்டசபையில் மூன்றரை ஆண்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் ஒருத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி, கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். "சார், நர்ஸம்மா குடுத்தாங்க. எப்படி எழுதுறதுன்னு தெரியல" என்றாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது கேட்டாள்: "இந்த முத்துலட்சுமி ரெட்டி யாரு சார்? பழைய மந்திரியா?"

"மந்திரி இல்லம்மா, டாக்டர். சட்டசபை உறுப்பினராவும் இருந்தாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனபிறகு மனசு கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அம்மாவைப் பற்றி வகுப்பில் என்ன சொன்னேன்? "தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார், புற்றுநோய் மருத்துவமனை நிறுவினார், பத்ம பூஷண் பெற்றார்." இரண்டு மதிப்பெண் கேள்விக்கான விடை. அவ்வளவுதான்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. மருத்துவராக அவர் செய்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவர் சட்டசபையில் இருந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி.

முதலில் பிறப்பு. 1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்போது அது தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் மரபு அந்தக் குடும்பங்களைச் சார்ந்தது. ஐயர் அவரைத் துணையாக ஏற்றுக்கொண்டதற்காக அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் நின்றது. வீட்டிலேயே படித்து, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்து கல்லூரி. அப்பா முதல்வராக இருந்த கல்லூரியிலேயே இடம் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி அவர்தான். திரைபோட்ட வண்டியில் போய் வந்தார்.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912ல் பதக்கங்களோடு பட்டம். இங்கே ஒரு சின்னத் திருத்தம். "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று இவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை. கல்கத்தாவின் காதம்பினி கங்கூலி, மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷி இருவரும் மருத்துவப் பட்டம் பெற்றது 1886ல். முத்துலட்சுமி பிறந்த ஆண்டு அது! சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே பெண்கள் படித்திருக்கிறார்கள். ஒருவரைப் பெருமைப்படுத்த இன்னொருவரை அழிக்கத் தேவையில்லை. இந்த அம்மாவுக்குச் சொந்தமான பெருமைகளே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். சாதி விட்டுச் சாதி. 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி நடந்தது. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அவர் சம்மதித்தார். கணவரும் கடைசிவரை அதைக் காப்பாற்றினார். 1925ல் உயர் மருத்துவப் பயிற்சிக்காகக் குடும்பத்தோடு லண்டன் போனார்கள். 1926ல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாக அவர் கலந்துகொண்டார்.

இனி சட்டசபை.

அன்றைய சென்னை சட்டசபையை இன்றைய சட்டமன்றம் மாதிரி நினைக்கக் கூடாது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை இந்திய மந்திரிகளிடம். போலீஸ், நிலவரி போன்றவை கவர்னர் கையில். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு ஓட்டுண்டா என்பதை அந்தந்த மாகாண சபையே முடிவுசெய்யலாம் என்று விட்டிருந்தார்கள். 1921லேயே அந்த உரிமையைக் கொடுத்துத் தீர்மானம் போட்டது சென்னை. இந்திய மாகாணங்களில் முதலாவது. ஆனால் ஓட்டுப் போடலாமே தவிர உறுப்பினராக உட்கார முடியாது! அந்தத் தடை 1926ல்தான் நீங்கியது.

தடை நீங்கிய வேகத்தில் மங்களூர்ப் பக்கம் தேர்தலில் நின்றவர் கமலாதேவி சட்டோபாத்யாய். மிகச் சொற்ப ஓட்டுகளில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண் வர முடியவில்லை. எனவே இந்தியப் பெண்கள் சங்கம், மாக்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் இருந்த அமைப்பு, ஒரு பெண்ணையாவது நியமிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. முத்துலட்சுமியின் பெயர் முன்வைக்கப்பட்டது. அவருக்குத் தயக்கம். தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் சிறியவர்கள், அரசியல் பழக்கமில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

பிரிட்டிஷ் இந்திய மாகாண சபைகளில் உறுப்பினரான முதல் பெண் அவர். திருவிதாங்கூர் சமஸ்தான சபையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மேரி புன்னன் லூக்கோஸ் நியமிக்கப்பட்டிருந்தார். அவரும் மருத்துவர். அவரும் 1886ல் பிறந்தவர், இவருக்கு மூன்றே நாள் இளையவர். வரலாறு சில சமயம் இப்படி விளையாடும்.

சபை கூடியதும் முத்துலட்சுமியைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் நரசிம்ம ராஜு இல்லாத நேரத்தில், அத்தனை ஜமீன்தார்களும் வக்கீல்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த சபையை ஒரு பெண் நடத்தினார். அந்த மாதிரிப் பதவியில் உலகத்திலேயே முதலில் அமர்ந்த பெண் அவர் என்று சொல்வார்கள்.

பதவி அலங்காரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளச் சலுகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1928ல் பெண்ணுக்குத் திருமண வயது 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. நம் அம்மா கேட்டது அதைவிட இரண்டும் மூன்றும் கூடுதல். பிரசவ வார்டில் 13 வயதுத் தாய்மார்களைப் பார்த்த மருத்துவருக்கு அந்தக் கணக்கு புத்தகத்திலிருந்து வந்திருக்காது.

இனி தேவதாசி விவகாரம். இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தினேன். "தேவதாசி" என்ற சொல்லைச் சொன்னதும் பையன்கள் இரண்டு பேர் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். பெண்கள் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தாத்தா நாகஸ்வர வித்வான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பார்த்தேன். பார்த்தும் பாடத்தைத் தொடர்ந்தேன். "அது ஒரு சமூகத் தீமை. எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

இருபது வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளையைச் சந்தித்தேன். நல்ல உத்தியோகத்தில் இருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "சார், முத்துலட்சுமி ரெட்டியோட அம்மா யாருன்னு அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் தலைநிமிர்ந்து உக்காந்திருப்பேன்."

எனக்கு அந்த விஷயமே அப்போது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தேடிப் படிக்காதது குற்றம். அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

பொட்டுக்கட்டுவது என்றால் என்ன? சிறு பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மனைவியாகத் தாலி கட்டி நேர்ந்துவிடுவது. அதன்பின் அவளுக்கு ஊரறிந்த கல்யாணம் கிடையாது. கோயிலில் ஆடலும் பாடலும் கும்ப ஆரத்தியும் அவள் பணி. அதற்குக் கூலியாகக் குடும்பத்துக்கு மானிய நிலம். ஒரு காலத்தில் கௌரவமாக இருந்த இந்த ஏற்பாடு, கோயில்களும் சமஸ்தானங்களும் நொடித்த காலத்தில், பணக்காரர்களின் ஆசைக்குப் பெண்களை ஒப்புக்கொடுக்கும் வழியாகப் பல இடங்களில் மாறிவிட்டது.

1927 நவம்பரில், இந்த நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவருமாறு அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை முத்துலட்சுமி சபையில் முன்வைத்தார். சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. நம் அம்மாவின் சாமர்த்தியம் அடுத்த அடியில் தெரிகிறது.

நோயின் வேர் எங்கே என்று பார்த்தார். வேர் நிலத்தில் இருந்தது. மானியம் தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் கோயில் ஊழியத்துக்கு இருக்க வேண்டும். மகள் இல்லாவிட்டால் ஒரு குழந்தையைத் தத்து எடுத்தாவது பொட்டுக்கட்ட வேண்டும். இல்லையென்றால் நிலம் போய்விடும். சோற்றுக்கு வழியாக இருப்பது அந்த நிலம்தான். அப்படியானால் வெறும் தடை போட்டால் என்ன ஆகும்? தாயும் மகளும் தெருவில் நிற்பார்கள்.

அதனால் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929ல் சட்டமானது. சாரம் இதுதான்: தேவதாசிகள் அனுபவித்துவரும் மானிய நிலம் இனி ஊழியத்தோடு கட்டப்பட்டதல்ல. நிலம் அவர்களிடமே இருக்கும். நிர்ணயித்த தொகையைக் கோயிலுக்குச் செலுத்தினால் போதும். கோயிலில் வேலை செய்ய வேண்டியதில்லை, மகளைப் பொட்டுக்கட்ட வேண்டியதுமில்லை.

ஒரு பெண்ணின் பாதத்தைக் கட்டியிருந்த சங்கிலியை, அவள் சோற்றுப் பானையை உடைக்காமல் அறுத்த சட்டம் இது. இதைத்தான் நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியவாதிகளே எதிர்ப்பக்கம் நின்றார்கள். சமயத்தில் அரசு கைவைக்கக் கூடாது, கலை அழிந்துவிடும் என்றெல்லாம் வாதங்கள். சத்தியமூர்த்தி பெரிய தியாகி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பெரியவர்களும் சில இடங்களில் தவறான பக்கம் நின்றிருக்கிறார்கள்.

இன்னொரு எதிர்ப்பும் இருந்தது. அதை நாம் பாடப் புத்தகத்தில் சொல்வதே இல்லை. தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து விலைமாதர் என்று சொல்லாதீர்கள், நாங்கள் சங்கீதமும் நாட்டியமும் சாஸ்திரமும் கற்றவர்கள், மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை எங்களுக்கு இருக்கிறது, குறை இருந்தால் படிப்பைக் கொடுத்துத் திருத்துங்கள் என்று வாதாடினார்கள். அந்த மனுக்களில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய், பொட்டுக்கட்டாதே என்று பிரசாரம் செய்ததும் அதே காலம். அனுபவித்த கொடுமையை 1936ல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலாகவே எழுதினார். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள் என்பதுதான் உண்மை.

1930 ஜனவரியில் நேர்ந்துவிடுதலையே குற்றமாக்கும் மசோதாவை முத்துலட்சுமி கொண்டுவந்தார். கருத்துக் கேட்கச் சுற்றுக்கு விட்டார்கள். அதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம். மே மாதம் காந்தியடிகள் கைதானார். முத்துலட்சுமி தன் பதவியை ராஜினாமா செய்தார்.

யோசித்துப் பாருங்கள். தன் பெயரில் நிற்கும் மசோதா பாதியில் இருக்கிறது. இன்னும் சில மாதம் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை நிறைவேறியிருக்கும். ஆனாலும் எழுந்து வந்துவிட்டார். சரியா தவறா என்று இன்றும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. காரணம், அந்த மசோதா கிடப்பில் போனது. அது சட்டமாக 1947 ஆக வேண்டியிருந்தது. நடுவில் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளுக்கு யார் கணக்குச் சொல்வது? அதேசமயம், அடித்து இழுத்துப்போகும் அரசாங்கத்தின் நியமன நாற்காலியில் சுயமரியாதையுள்ள ஒருவர் எப்படி உட்கார்ந்திருப்பார்?

ராஜினாமாவோடு கடமை முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். "அந்த வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளா?" என்ற பேச்சு. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் வேரூன்றி இன்றும் நடக்கிறது. சட்டம் பேசிய வாய் சோறும் போட்டது.

சபை அனுபவங்களை 1930லேயே ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதி வைத்தார். நம் சட்டமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர் தாங்கள் என்ன செய்தோம் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்!

1947ல் ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நேர்ந்துவிடுவது குற்றம், ஏற்கனவே நேர்ந்துவிடப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்றது சட்டம். கோயிலில் பெண்கள் ஆடுவதையும் அதே சட்டம் தடுத்தது. ஆண்களின் நாகஸ்வரமும் தவிலும் கோயிலில் தொடர்ந்தன. பெண்களின் பணி மட்டும் நின்றது. சதிர் என்று இழிவாகப் பார்க்கப்பட்ட அவர்களின் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடை ஏறியது. வேறு வீட்டுப் பெண்கள் கற்றுப் பெயர் வாங்கினார்கள். பாலசரஸ்வதி போன்ற ஒருசிலர் தவிர, கலையைக் காத்துவந்த குடும்பங்களின் பெண்கள் பலர் சலங்கையை மூட்டை கட்டிவிட்டார்கள். இந்த இழப்பையும் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் பாதிப் பாடம் நடத்தியவன் ஆவேன்.

ஆனாலும் ஒரு தராசில் வைத்துப் பார்த்தால், எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை எழுதிக்கொடுக்கும் உரிமை தாய்க்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. அந்த நியாயத்தை மாகாண சபையில் முதலில் சட்டமாக்கப் பார்த்தவர் அந்தத் தராசின் இரண்டு தட்டும் தெரிந்தவர். சந்திரம்மாளின் மகள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கை சுந்தராம்பாள் இளம் வயதில் புற்றுநோயால் இறந்ததை அவர் மறக்கவில்லை. பல வருடம் அலைந்து நிதி திரட்டினார். 1952ல் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்து வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956ல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22ல், 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலமானார்.

முந்தாநாள் அந்தப் பெண்ணைத் தெருமுனையில் பார்த்தேன். நிறுத்தி வைத்து இவ்வளவையும் சொல்ல முடியுமா? சுருக்கமாகச் சொன்னேன்: "அம்மா, அன்னிக்குக் கேட்டியே, அவங்க உன்னை மாதிரிப் பெண்களுக்காகச் சட்டசபையில் முதல்ல எழுந்து பேசின பெண்." அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அவங்களுக்கு முன்னாடி அங்க பேச பொம்பளையே இல்லையா சார்?"

இல்லை அம்மா. ஒருவர்கூட இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும்போது அவர் தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் ஏதோ ஒரு வரிசையில் ஒரு பிள்ளை அதைக் கேட்கக் காத்திருக்கலாம்.

பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள். கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்.